சீடர்வில்லிலிருந்து ஹால்ஸ்டெட் தெருவுக்கு: ஜேன் ஆடம்ஸ் எட்டு ஆண்டுகளை வீணாக்கினாரா?

கேள்வி: 3 மார்ச் 2023

அமெரிக்கச் சமூகப் பணியாளர் ஜேன் ஆடம்ஸ் கல்லூரியை முடித்தது 1881இல். சிகாகோவில் ஏழைகளின் பகுதியிலேயே குடியிருந்து பணிசெய்ய ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கியது 1889இல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் தந்தையின் பணத்தில் ஐரோப்பாவை இரண்டு முறை சுற்றினார் என்பதைத் தவிர அவர் என்ன செய்தார்? அந்த வசதி இருந்தால் யாருக்கும் ஒரு நாள் வாழ்வின் நோக்கம் அகப்பட்டுவிடும். அதற்கு மேல், காதலையும் திருமணத்தையும் துறந்து தொண்டுக்கே தம்மை ஒப்படைத்தவர் என்று வேறு போற்றுகிறார்கள். சிற்றூரை விட்டு வெளியேறி ஆறு ஆண்டுகள் ஆகியும் வேலை, வாடகை என்பவற்றைத் தாண்டி எதையும் கண்டடையாத என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கதையால் என்ன பயன்?

4 மார்ச்

பணத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுப்பதற்கில்லை. தந்தை ஜான் ஆடம்ஸ், ஜேன் பிறந்த சிற்றூரான சீடர்வில்லில் மாவு ஆலை வைத்திருந்தவர். பக்கத்து நகரமான ஃப்ரீபோர்ட்டில் வங்கித் தலைவர். பதினாறு ஆண்டுகள் இல்லினாய் மாநில மேலவை உறுப்பினர். லிங்கனோடு நேரடிப் பழக்கம் உள்ளவர். 1881 ஆகஸ்டில் அவர் திடீரென்று இறந்தபோது மகளின் பங்காக வந்த சொத்து ஐம்பதாயிரம் டாலருக்குக் குறையாது. அன்றைய கணக்கில் ஒரு தொழிலாளி வாழ்நாளெல்லாம் உழைத்தாலும் எட்ட முடியாத தொகை.

ஆனால் "சுற்றினார்" என்ற ஒரே சொல்லில் எட்டு ஆண்டுகளை மூடிவிட முடியாது. தந்தை இறந்த சில மாதங்களில் அவர் ஃபிலடெல்ஃபியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சிறு வயதில் முதுகெலும்பைத் தாக்கிய காசநோயின் விளைவு அங்கே மீண்டும் தலைதூக்க, படிப்பு ஓராண்டுகூட நிலைக்கவில்லை. அக்காவின் கணவரே மருத்துவர். மாற்றாந்தாயின் மூத்த மகனும் அவர்தான். அவரே ஜேனின் முதுகில் அறுவை செய்தார். ஆறு மாதங்கள் படுக்கை. அதன் பிறகுதான் 1883இல் கப்பல்.

நான் ராக்ஃபோர்டில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். அவர் படித்த ஊர் இதுதான். இங்கிருந்து சிகாகோவுக்குச் செல்லும் ஐ-90 சுங்கச்சாலைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். முதல் நான்கு ஆண்டுகள் ஜேன் ஆடம்ஸ் என்பது எனக்கு மாதக் கடைசியில் கணக்கிலிருந்து கழியும் சுங்கத் தொகையின் பெயராக மட்டுமே இருந்தது.

4 மார்ச், இரவு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். நோய் அவரைப் படிப்பிலிருந்து பிடுங்கியதுபோல் எழுதிவிட்டேன். அது பாதி உண்மைதான். 1910இல் வெளிவந்த தன்வரலாற்றில், பிணவறுப்புக் கூடத்தையும் மருத்துவமனைச் சுற்றுகளையும் கைவிட ஒரு மருத்துவரின் அனுமதி கிடைத்ததில் தமக்கு மகிழ்ச்சியே ஏற்பட்டது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நோய் அவருக்குத் தடையாகவும் இருந்தது, சாக்காகவும் இருந்தது. இதை மறைத்து அவரைப் புனிதராக்கினால் உங்கள் கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொன்னவன் ஆகமாட்டேன்.

7 மார்ச்

ஊரைப் பற்றிச் சொல்லாமல் வெளியேறியதைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. சீடர்வில் இன்றும் எழுநூறு பேர் அளவில் வசிக்கும் ஊர். ஃப்ரீபோர்ட்டுக்கு வடக்கே ஆறேழு மைல் சென்றால் சோளக் கொல்லைகளுக்கு நடுவே நிலம் திடீரென்று பள்ளமாகி, மரங்கள் அடர்ந்து, ஓர் ஓடை குறுக்கிடுகிறது. ஆலையைச் சுழற்றிய ஓடை அதுதான். நான் போனபோது நவம்பர். ஓடைக்கரையில் நின்ற அரைமணி நேரத்தில் ஒரே ஒரு சரக்குந்து கடந்து சென்றது, அதன் ஓட்டுநர் கையசைத்தார். இந்தப் பகுதியில் அறிமுகம் இல்லாதவருக்கும் கையசைப்பார்கள். வந்த புதிதில் யாரோ என்னை வேறொருவராக நினைத்துக்கொண்டார் என்று நம்பித் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

எட்டுப் பிள்ளைகளைப் பெற்று ஒன்பதாவதைச் சுமந்திருந்த தாய், ஜேனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார். முதுகு வளைந்து, தலை ஒருபக்கம் சாய்ந்து நடந்த அந்தச் சிறுமிக்குத் தந்தையின் மேல் இருந்தது அன்பு என்பதைவிட வழிபாடு என்பதே பொருந்தும். வெளியூர் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வரும்போது, இத்தனை கம்பீரமான மனிதருக்கு இப்படி ஒரு மகளா என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று சிற்றப்பாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நடப்பாராம். ஒரு நாள் நகரத்து வீதியில், வங்கியிலிருந்து வெளியே வந்த தந்தை மகளைக் கண்டதும் பளபளக்கும் உயரமான பட்டுத் தொப்பியைக் கழற்றி, ஒரு சீமாட்டிக்கு வணங்குவதுபோலக் குனிந்து வணங்கினார். அந்தக் கூட்டத்தின் நடுவே, எல்லோரும் பார்க்க! பெற்ற மகளை அவர் பொதுவில் ஏற்றுக்கொண்ட அந்தக் கணத்தை ஐம்பது வயதிலும் மறவாமல் எழுதியிருக்கிறார். அன்பு என்பதற்கு அவரிடம் முதலில் படிந்த வடிவம் இது என்றே நினைக்கிறேன்: நான்கு பேர் முன்னிலையில் நம்மை மறைக்காமல் ஒருவர் வணங்குவது.

இன்னொன்று, அவருக்கு ஆறு வயதில் திரும்பத் திரும்ப வந்த கனவு. உலகத்தில் எல்லோரும் இறந்துவிட்டார்கள். ஊரின் கொல்லர் பட்டறையில் அவர் மட்டும் நிற்கிறார். வண்டிச் சக்கரம் ஒன்றைச் செய்து முடித்தால்தான் உலகம் மீண்டும் தொடங்கும். அதை எப்படிச் செய்வதென்று தெரியாது. விடிந்ததும் பட்டறை வாசலுக்குச் சென்று கொல்லர் வேலை செய்வதைக் கவனிப்பாராம். உங்கள் கேள்விக்குள் இருக்கும் பதற்றமும் எனக்கு அந்தச் சக்கரத்தைத்தான் நினைவூட்டுகிறது.

8 மார்ச்

கனமாக எழுதிவிட்டேன், ஒரு சிரிப்புச் செய்தியும் இருக்கட்டும். ராக்ஃபோர்டில் படிக்கும்போது, அபினி உண்டவர் ஒருவரின் அனுபவ நூலைப் படித்துவிட்டு, அதை முழுமையாக உணர வேண்டுமென்று ஜேனும் நான்கு தோழியரும் ஒரு விடுமுறை நாளில் இடைவெளி விட்டுவிட்டு அபினிப் பொடி தின்றார்கள். எந்த மாயக்காட்சியும் வரவில்லை. பதற்றத்தில் தூக்கம்கூட வரவில்லை. இதை அறிந்திருந்த இளம் ஆசிரியை பயந்துபோய், நூலையும் மிச்சப் பொடியையும் பறிமுதல் செய்து, வாந்தி மருந்து கொடுத்து, நிற்க முடிந்தாலும் முடியாவிட்டாலும் இரவு வழிபாட்டுக்கு வந்துசேர வேண்டும் என்று கட்டளையிட்டார். அறிவுத் தேடலில் முதல் அயல்நாட்டுப் பயணம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

12 மார்ச்

இனி ஐரோப்பா. 1883 இலையுதிர் காலத்தில் லண்டனின் கிழக்குப் பகுதியில், சனிக்கிழமை நள்ளிரவு, குதிரை வண்டியின் மேல்தளத்தில் அமர்ந்து ஜேன் ஒரு காட்சியைக் கண்டார். ஞாயிறு விற்க முடியாமல் அழுகிப்போகும் காய்கறிகளை இரண்டு தள்ளுவண்டிகளில் வைத்து ஏலம் விடுகிறார்கள். விளக்கொளியில் கைகள் நீள்கின்றன. ஒருவர் தமக்கு எறியப்பட்ட முட்டைக்கோசைக் கழுவாமல், சமைக்காமல், அங்கேயே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து பல்லால் கடித்துத் தின்கிறார். அதைப் பார்த்தபோது தமக்கு முதலில் தோன்றியது எப்போதோ படித்த ஓர் இலக்கியப் பகுதிதான் என்பதே ஜேனை உறுத்தியது. பசித்த மனிதரைப் பார்க்கும்போதும் புத்தகம்தான் நினைவுக்கு வருமென்றால் அந்தப் படிப்பு எதற்கு?

அடுத்தது 1888 ஏப்ரலில் மாட்ரிட் நகரின் காளைச் சண்டை. உடன் வந்தவர்கள் அருவருத்து எழுந்து சென்ற பிறகும் இவர் அமர்ந்திருந்தார்; ஐந்து காளைகளும் அவற்றைவிடக் கூடுதலான குதிரைகளும் சாவதைப் பெரிய சலனமின்றிப் பார்த்தார்; அன்று மாலை தம்மைப் பற்றியே அவருக்கு அச்சம் எழுந்தது. என்றாவது ஏழைகளோடு வாழ்வேன் என்ற கனவு, ஒன்றும் செய்யாதிருப்பதற்கான தாலாட்டாக இருந்திருக்கிறது என்று உணர்ந்து, மறுநாள் தயங்கித் தடுமாறித் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாரிடம் திட்டத்தைச் சொன்னார். ஜூன் மாதம் லண்டனில் டாயின்பீ ஹாலைப் பார்த்தார். பல்கலைக்கழக இளைஞர்கள் ஏழைகளின் பகுதியிலேயே குடியிருந்து பணிசெய்யும் இல்லம் அது. ஹல் ஹவுஸுக்கு முன்மாதிரி அங்கே கிடைத்தது.

இந்தக் காளைச் சண்டைக் கதையை நான் முழுதாக நம்புவதில்லை. நடந்திருக்கும், ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து எழுதும்போது ஒரு மனிதர் தம் வாழ்க்கைக்குத் திருப்பம் ஒன்றைத் தேடி எடுத்து வைப்பது இயல்பு. அந்த இரண்டு நாள்களில் எனக்கு முக்கியமாகப் படுவது முதல் நாள் மாலை அல்ல, மறுநாள். அதாவது, யாரிடமாவது வாய்விட்டுச் சொன்ன நாள்.

12 மார்ச், பின்னிரவு

தூக்கம் வரவில்லை, ஆகவே என்னைப் பற்றி. ஆயத்தம் செய்துகொண்டே இருப்பது ஒரு கண்ணி என்று ஆடம்ஸ் சொல்வது என்னைச் சுட்டது. ராக்ஃபோர்டுக்கு வந்த முதல் ஐந்து ஆண்டுகளில் மூன்று தொழிற்சான்றிதழ்கள் வாங்கினேன். ஸ்பானிய மொழி வகுப்பில் இரண்டு முறை சேர்ந்து இரண்டு முறையும் நான்காம் பாடத்தோடு நிறுத்தினேன். தன்னார்வப் பணிக்கான விண்ணப்பம் ஒன்றைப் பாதி நிரப்பி மேசை இழுப்பறையில் வைத்தேன். தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்மணியின் கார் பழுதானதால், சனிக்கிழமை காலை அவரை ஓர் இடத்தில் இறக்கிவிடச் சொன்னார். அது உணவுப் பொருள்களை இலவசமாக வழங்கும் கூடம். இறக்கிவிட்டுத் திரும்ப நினைத்தவனிடம் ஐம்பது பவுண்டு உருளைக்கிழங்குச் சாக்கு ஒன்றைக் காட்டி, "அதை மட்டும் உள்ளே தூக்கி வைத்துவிட்டுப் போங்கள்" என்றார். மூன்று மணி நேரம் அழுகியதையும் நல்லதையும் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் கார் மறு வாரமே சரியாகிவிட்டது. நான்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். விண்ணப்பம் இன்றுவரை நிரப்பப்படவில்லை.

19 மார்ச்

காதலைத் துறந்தவர் என்ற கூற்றுக்கு வருகிறேன். நான் கடுமையாக மறுப்பது இதைத்தான்.

மாற்றாந்தாய் அனா, தம் இளைய மகன் ஜார்ஜை ஜேன் மணக்க வேண்டுமென்று விரும்பினார். ஜேன் மறுத்தார், அந்தக் கசப்பு வீட்டில் நெடுநாள் நீடித்தது. திருமணம் செய்துகொண்டால் பணி இல்லை, பணி செய்தால் குடும்பம் இல்லை என்பது அந்தத் தலைமுறையில் படித்த பெண்களுக்கு எழுதாத சட்டம். திருமணம் ஆகாத மகளின் மேல் வீட்டாருக்கு இருக்கும் உரிமையைக் குடும்பத்தின் கோரிக்கை என்று அவர் குறிப்பிட்டுப் பின்னாளில் விரிவாக எழுதினார். அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, மாற்றாந்தாய்க்குத் துணையாகக் குளிர்காலங்களை பால்டிமோரில் கழிக்க, எப்போதும் அவரைத்தான் அழைத்தார்கள். இந்தப் பகுதியை மொழிபெயர்க்காமலேயே நம் வீட்டுப் பெண்களுக்குப் புரியும்.

எலன் ஸ்டாருக்குப் பணம் இல்லை. ராக்ஃபோர்டில் ஓராண்டுக்கு மேல் கட்டணம் செலுத்த முடியாமல் படிப்பை நிறுத்திவிட்டு ஆசிரியப் பணிக்குப் போனவர். ஆண்டுக்கணக்கில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களில் இறையியலும் இருக்கிறது, ஏக்கமும் இருக்கிறது. 1889 ஜனவரியில் சிகாகோவில் இருவரும் அறை எடுத்து, வீடு தேடத் தொடங்கினார்கள். நகரத்துச் சீமாட்டிகளை அறிந்தவர் எலன். அவர்களிடம் திட்டத்தை விளக்கி ஆதரவு திரட்டியதில் அவர் பங்கு பெரிது. ஆகவே ஜேன் மட்டும் தொடங்கியதுபோல் உங்கள் கேள்வியில் இருந்ததை நான் 4ஆம் தேதி திருத்தாமல் விட்டதையும் இப்போது சரிசெய்துகொள்கிறேன்.

பிறகு மேரி ரோசெட் ஸ்மித். சிகாகோவின் செல்வந்தர் வீட்டுப் பெண், ஜேனைவிட எட்டு வயது இளையவர். தொடக்க ஆண்டுகளில் ஒரு நாள் ஹல் ஹவுஸின் மழலையர் அறையில், குழந்தைகளுக்கான குட்டி நாற்காலி ஒன்றில் இந்த உயரமான பெண் அமர்ந்திருந்தார். அந்தக் காட்சியை ஜேன் பின்னர் கவிதையாக எழுதி அவருக்கே கொடுத்தார். அதன் பின் நாற்பது ஆண்டுகள். 1904இல் மெயின் மாநிலக் கடற்கரையில் இருவரும் சேர்ந்து வீடு வாங்கினார்கள். வெளியூர்ப் பயணங்களுக்கு மேரியின் பெரிய உருவப்படத்தை ஜேன் உடன் எடுத்துச் செல்வார். பிரிந்திருந்த ஒரு காலத்தில், திருமணமானவர்கள் பிரியாமல் ஒன்றாகவே இருக்கும் பழக்கத்தில் அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது என்று மேரிக்குக் கடிதம் எழுதினார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றும் வாதிடுகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஹல் ஹவுஸ் அருங்காட்சியகம் மேரியின் படத்துக்கு மூன்று விதமான விளக்கக் குறிப்புகளை வைத்து, எது பொருத்தம் என்று பார்வையாளர்களையே கேட்டது. எனக்குப் பெயர் அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் துறவு என்ற பெயர் மட்டும் பொருந்தாது.

20 மார்ச்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். முதலில் நோக்கம் கிடைத்தது, பிறகு அன்பு கிடைத்தது என்ற வரிசையில் அமைந்துவிட்டது. என் எண்ணம் அதுவன்று. திட்டம் என்பது நெடுநாளாகவே அவர் மனத்தில் ஏதோ ஒரு வடிவில் இருந்தது. ஏழு வயது ஆவதற்கு முன்பே, ஃப்ரீபோர்ட்டின் நெருக்கமான சிறு வீடுகளைக் கண்டு, பெரியவளானதும் இவற்றுக்கு நடுவில் ஒரு பெரிய வீட்டில் வசிப்பேன் என்று தந்தையிடம் சொன்னவர். பணமும் 1881 முதல் கையில் இருந்தது. 1888 வரை இல்லாமல் இருந்தது, "சரி, நானும் வருகிறேன்" என்று சொல்லும் ஓர் ஆள். பணம் இருந்தால் யாருக்கும் நோக்கம் கிடைத்துவிடும் என்ற உங்கள் கருத்தோடு நான் உடன்படாதது இந்த இடத்தில்தான்.

25 மார்ச்

ஹல் ஹவுஸ் 1889 செப்டம்பர் 18 அன்று சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் தொடங்கியது: ஜேன், எலன், வீட்டு வேலைகளைக் கவனிக்க மேரி கீசர் என்ற பெண். முதல் இரவு, போல்க் தெருப் பக்கக் கதவைப் பூட்ட மறந்து, விரியத் திறந்தே விட்டுவிட்டார்கள். காலையில் பார்த்தால் ஒரு பொருளும் களவு போகவில்லை. மாடியில் பேய் இருப்பதாக முன்பு குடியிருந்தவர்கள் நம்பி, பேய் தண்ணீரைத் தாண்டாது என்று படிக்கட்டில் ஒரு குடுவை நீர் வைத்திருந்தார்களாம். பேயும் பூட்டும் இல்லாமல் தொடங்கிய இல்லம்.

நோக்கம் என்ற பெரிய சொல் அன்றாடத்தில் எப்படி இருந்தது என்பதற்கு இரண்டு காட்சிகள். முதல் கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தபோது சில சிறுமியர் வாங்க மறுத்தார்கள். ஆறு வாரங்களாகக் காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் அவர்கள். மிட்டாயைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நல்லெண்ணத்தோடு நீட்டிய கை அப்படியே நின்றுபோன அந்த அறையிலிருந்து, குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்திய இல்லினாயின் 1893ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வரை ஒரு நேர்க்கோடு போகிறது.

இரண்டாவது குப்பை. 1895இல் பத்தொன்பதாம் வார்டின் குப்பை மேற்பார்வையாளராக, ஆண்டுக்கு ஆயிரம் டாலர் சம்பளத்தில், ஜேன் நியமிக்கப்பட்டார். காலை ஆறு மணிக்கெல்லாம் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் செல்வது வேலை. ஒரு குறுகிய தெருவில் வாரி வாரி எடுத்தபோது பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே தளம் பாவிய சாலை ஒன்று வெளிப்பட்டது. அப்படி ஒரு சாலை இருப்பதே யாருக்கும் நினைவில்லை. அங்கே குடியிருந்த இத்தாலியர்கள் பெரிதாக வியக்கவில்லை. புதையுண்ட நகரங்களைத் தோண்டி எடுப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் போலும் என்று கேலியாக எழுதுகிறார். இந்தப் பெண்மணிக்கு நகைச்சுவை உண்டு என்பதைப் போற்றுகிறவர்கள் ஏன் சொல்வதில்லையோ.

26 மார்ச்

டால்ஸ்டாயை விட்டுவிட்டேன். 1896இல் மேரியோடு ரஷ்யா சென்று யாஸ்னயா போல்யானாவில் அவரைச் சந்தித்தார். வயலிலிருந்து வந்த டால்ஸ்டாய், அன்றைய நாகரிகப்படி உப்பியிருந்த ஜேனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, இதிலுள்ள துணியில் ஒரு சிறுமிக்குக் கவுனே தைக்கலாமே என்றார். உங்களுக்கு உணவளிப்பது யார், சொந்த நிலத்தில் உழைக்காமல் நகரத்தில் போய் இருப்பதால் மக்களுக்கு அதிகம் உதவ முடியுமா என்றும் குடைந்தார். கூனிக் குறுகிய ஜேன், ஊர் திரும்பியதும் நாள்தோறும் காலை இரண்டு மணி நேரம் ரொட்டி சுடுவது என்று முடிவு செய்தார். சிகாகோவில் காலடி வைத்ததும் பிரிக்காத கடிதங்களும் காத்திருந்த மனிதர்களும் கண்ணில் பட, இத்தனை பேரையும் நிறுத்தி வைத்துவிட்டு என் ஆன்மாவைக் காப்பாற்ற ரொட்டி சுடுவதா என்று அதைக் கைவிட்டார். தூய்மையைத் தேடுவதும் ஒருவகை ஆயத்தம்தான் என்பதை அவர் அதற்குள் அறிந்திருந்தார். என் ஸ்பானிய வகுப்பு நினைவுக்கு வருகிறது, போகட்டும்.

2 ஏப்ரல்

இன்று மீண்டும் சீடர்வில் போய்வந்தேன். சிகாகோவிலிருந்து ஏறக்குறைய 120 மைல். இடைநில்லாமல் ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்தத் தொலைவைக் கடக்க அவர் லண்டன், மாட்ரிட் வழியாகச் சுற்றிவர வேண்டியிருந்தது.

1931இல் நோபல் அமைதிப் பரிசு அவருக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டபோது மருத்துவமனையில் இருந்தார். 1934 பிப்ரவரியில் மேரி நிமோனியாவால் இறந்தபோது, அதே வீட்டில் இதய நோயோடு ஜேன் வேறோர் அறையில் படுத்திருந்தார். தம் இதயம் நிற்கட்டும் என்று விட்டுவிடும் ஆசை அப்போது எழுந்ததாகவும், மேரி தமக்கு என்னவாக இருந்தார் என்ற நினைவுதான் அந்தக் கோழைத்தனத்திலிருந்து தடுத்ததாகவும் பின்னர் கூறியிருக்கிறார். அடுத்த ஆண்டு மே 21 அன்று அவரும் மறைந்தார். ஹல் ஹவுஸிலிருந்து உடலை இந்த ஊருக்கே கொண்டுவந்து, குடும்பக் கல்லறை நிலத்தில் புதைத்தார்கள்.

கல்லில் அவர் பெயருக்குக் கீழே இரண்டே இரண்டுதான் பொறித்திருக்கிறது: ஹல் ஹவுஸ், அமைதிக்கும் விடுதலைக்குமான பெண்களின் பன்னாட்டுக் கழகம். நோபல் பரிசு இல்லை. மேரியின் பெயரும் இல்லை. இருவரின் கடிதங்களில் பலவற்றை ஜேனே அழித்துவிட்டார் என்பதால் கல்லைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரும்பும் வழியில் ஓடைப் பாலத்தருகே ஒரு வண்டி எதிரே வந்தது. இந்த முறை நான் முதலில் கையசைத்தேன்.

2 ஏப்ரல், இரவு

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள்? ராக்ஃபோர்டுக்கு ஒரு மணி நேரத் தொலைவுக்குள் என்றால், சனிக்கிழமை எட்டு மணிக்கு உருளைக்கிழங்கு வரும். சாக்குகளைத் தூக்க ஆள் குறைவு.